பழைய லண்டன் மர்ம நாவல்களில் நாயகி ஏன் பெரும்பாலும் விதவையாக இருக்கிறாள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பழைய இங்கிலாந்தில் நடக்கும் மர்ம நாவல்கள் உங்களுக்குப் பிடிக்கும். தைரியமான நாயகி, ஒரு கொலை, ஓரமாகக் கொஞ்சம் காதல் என்றால் விடிய விடியப் படித்துவிடுவீர்கள். ஆனால் படித்தவற்றில் பாதிக்கு மேல் நாயகி ஒரு பணக்கார விதவை, அல்லது அப்பா சொத்தை எழுதிவைத்துவிட்டுப் போன, கல்யாணமாகாத பெண். இது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனமா, அந்தக் காலத்தில் ஒரு பெண் துப்பறிந்திருக்கவே முடியுமா, எதில் தொடங்கிப் படிக்கலாம் என்று மூன்றும் கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், காதல் பகுதிதான் ரொம்பப் பிடிக்கிறது, வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று படுகிறது: இந்தக் காதலுக்குக் கதையில் ஏதாவது வேலை இருக்கிறதா, அல்லது சும்மா ஒட்டவைத்ததா?

சட்டக் கல்லூரியில் பல வருடம் சொத்துச் சட்டமும் சட்ட வரலாறும் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த வருடங்களில் இரவில் படித்தது பெரும்பாலும் இந்த வகை நாவல்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு. எடின்பரோவில் நடக்கும் நாவலை இதை வைத்து எடைபோட வேண்டாம். சட்டம், வருடம் பற்றிச் சொல்பவற்றை நம்பி எடுத்துக்கொள்ளலாம். எந்த நாவல் நல்லது என்பது என் ருசி, அதில் சண்டைக்கு வரலாம்.

முதலில் விதவை விஷயம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தின் பொதுச்சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவன். கல்யாணம் ஆன நிமிடத்தில் மனைவியின் ரொக்கம், நகை, பங்குப் பத்திரம் எல்லாம் கணவனுடையவை ஆகிவிடும். நிலம் அவள் பெயரில் இருந்தாலும் அதன் நிர்வாகமும் வருமானமும் அவன் கையில். அவள் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது, அவன் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. கல்யாணத்துக்கு முன் எழுதிவைத்த உயிலும் கல்யாணத்தோடு செத்துப்போகும். ஒரு மர்மக் கதை எழுதுகிறவருக்கு இந்த ஒரு விதியே போதும், பத்து சதி பின்னலாம்.

ஆனால் 21 வயது நிரம்பிய, கல்யாணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் இந்த விதி கிடையாது. சொத்து விஷயத்தில் அவர்கள் ஏறக்குறைய ஆணுக்குச் சமம். வீடு வாடகைக்கு எடுக்கலாம், வக்கீலை அமர்த்தலாம், வங்கியிலிருந்து பணம் எடுக்கலாம், கடன் வாங்கலாம். இந்த இரண்டு பேருக்குள்ளும் கல்யாணமாகாதவளுக்கு ஒரு சிக்கல் உண்டு: அவள் நல்ல குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் லண்டன் தெருவில் துணையில்லாமல் நடந்தாலே பேர் கெட்டுவிடும். விதவைக்கு அந்தக் கெடுபிடி கொஞ்சம் தளர்வு. ஆக, சொந்தப் பணம், சொந்தக் கையெழுத்து, தனியாக வெளியே போக அனுமதி, மூன்றும் ஒன்றாக வாய்த்த பெண் யார் என்று தேடினால் விதவைதான் அகப்படுவாள். எழுத்தாளர்கள் அவளையே பிடித்துக்கொள்வது சோம்பேறித்தனத்தால் என்று நான் நினைக்கவில்லை. துப்பறிவதற்கு என்னென்ன தேவையோ அவற்றைச் சட்டம் அவளிடம்தான் விட்டுவைத்திருந்தது.

இதற்குள்தான் காதலுக்கு வேலை வருகிறது. 1870இல் வந்த சட்டம் மனைவியின் கூலி, சம்பாத்தியம் முதலிய சிலவற்றை மட்டும் அவளுக்கே என்றது. முழுச் சொத்துரிமை 1882 சட்டத்தில் வந்து, 1883 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது 1865இல் நடக்கும் ஒரு நாவலை எண்ணிப் பாருங்கள். நாயகி விதவை, பணக்காரி, சுதந்திரமானவள். கொலையை விசாரிக்கிற போக்கில் ஒருவனைச் சந்திக்கிறாள், பிடித்துப்போகிறது. அவன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனைக் கட்டிக்கொண்டால், இதுவரை எதை வைத்துத் துப்பறிந்தாளோ அத்தனையும் அவனிடம் போய்விடும். அவன் நல்லவனாக இல்லாவிட்டால் சொல்லவே வேண்டாம். 1857 விவாகரத்துச் சட்டப்படி மனைவிக்குக் கள்ள உறவு உண்டு என்று நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை. மனைவிக்கோ அவனுடைய கள்ள உறவு மட்டும் போதாது, கூடவே கொடுமையோ இரண்டு வருடம் கைவிட்டதோ வேறு ஏதாவதோ சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பாகுபாடு 1923 வரை இருந்தது. எனவே "இவனை நம்பலாமா?" என்ற கேள்வி கொலைகாரனைத் தேடும்போது எவ்வளவு பெரியதோ, காதலிலும் அவ்வளவு பெரியது. நல்ல எழுத்தாளர் கையில் இரண்டும் ஒரே விசாரணையாகிவிடும். நீங்கள் காதல் பகுதியை ஆவலோடு புரட்டுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால், நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். லண்டனின் தெற்கே பாலம் (Balham) என்ற பகுதியில் பிரையரி என்று ஒரு பெரிய வீடு. அதில் இருந்தவர் ஃபுளோரன்ஸ் ரிக்கார்டோ. குடிகாரரான முதல் கணவர் 1871இல் இறந்தபோது இவருக்கு வந்து சேர்ந்த சொத்து சுமார் 40,000 பவுண்டு. அன்றைக்கு அது ராஜவாழ்வுக்குப் போதுமான பணம். அப்புறம் டாக்டர் ஜேம்ஸ் கல்லி என்ற, தன்னைவிட மிக மூத்த, மணமான மருத்துவரோடு ஒரு உறவு. அது தெரிந்து பெற்றோரும் சமூகமும் ஒதுக்கிவைத்தார்கள். அந்த ஒதுக்கலிலிருந்து மீள வேண்டும் என்றுதான் 1875 டிசம்பரில் சார்லஸ் பிராவோ என்ற இளம் வக்கீலைக் கல்யாணம் செய்துகொண்டார். பணக்காரக் குடும்பங்கள் பொதுச்சட்டத்தைத் தாண்ட ஒரு வழி வைத்திருந்தன: கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, சொத்தை மனைவியின் தனிப் பயனுக்கென்று அறங்காவலர்களிடம் கட்டிவைப்பது. ஃபுளோரன்ஸும் அப்படித்தான் செய்தார். அதில் சார்லஸுக்கு ஏகப்பட்ட கோபம். வீட்டுச் சாமான்களாவது தன் பெயரில் இருந்தால்தான் கல்யாணம் என்று பிடிவாதம் பிடித்து, அதைச் சாதித்தும் கொண்டார்.

1876 ஏப்ரலில் ஒருநாள் இரவு, படுக்கப் போன சார்லஸ் விஷம் தாக்கித் துடித்து, மூன்று நாள் கழித்து இறந்தார். ஆன்டிமனி விஷம். அந்த வீட்டின் பழைய வண்டிக்காரர் குதிரை வைத்தியத்துக்காக அதே மருந்தை வாங்கி வைத்திருந்தார் என்று சாட்சியம் வந்தது. வீட்டில் ஜேன் காக்ஸ் என்ற துணைப்பெண்மணி. அவரும் விதவை, மூன்று மகன்கள். சிக்கனம் பிடிக்கிறேன் என்று சார்லஸ் அவரை வேலையிலிருந்து அனுப்பப் பார்த்தார். சார்லஸ் தானே விஷம் குடித்ததாகத் தன்னிடம் சொன்னார் என்று காக்ஸ் அம்மையார் சொன்னார். சார்லஸ் அதைக் கேட்ட மருத்துவர்களிடம் மறுத்தார். முதல் மரண விசாரணை அந்த வீட்டிலேயே அவசரமாக முடிந்து, பத்திரிகைகள் கூச்சல் போட்டு, நீதிமன்றம் அதை ரத்துசெய்து, ஜூலையில் ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்த பெட்ஃபர்ட் ஓட்டலில் இரண்டாவது விசாரணை தொடங்கியது. வேலை நாட்களாகக் கணக்கெடுத்தால் 23 நாள் நடந்தது. பாதி நேரம் விஷத்தைப் பற்றிப் பேசவேயில்லை. ஃபுளோரன்ஸின் பழைய உறவைத்தான் நாடே கேட்கும்படி கிண்டிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு: இது திட்டமிட்ட கொலை, யார் செய்தது என்று சொல்லப் போதிய சாட்சியம் இல்லை. யார் மீதும் வழக்கு நடக்கவில்லை. ஃபுளோரன்ஸ் இரண்டு வருடத்தில் குடியால் இறந்துபோனார்.

இதில் நிச்சயமானது விஷமும், சொத்துச் சண்டையும், தீர்ப்பும். யார் செய்தது என்பது இன்றுவரை ஊகம். மனைவி, காக்ஸ், வண்டிக்காரர், டாக்டர் கல்லி, சார்லஸ் மனைவிக்குக் கொடுக்க வைத்திருந்ததைத் தானே தவறிக் குடித்தார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது. படித்தவரையில் எந்த வாதமும் என்னைக் கட்டிப்போடவில்லை. உங்கள் கேள்விக்கு வேண்டியது வேறு: பணக்கார விதவை, மறுமணம், ஒப்பந்தம், சந்தேகம் என்று நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிற அத்தனையும் ஒரே வீட்டில், ஐந்து மாதத்துக்குள் நடந்திருக்கின்றன. நாவலாசிரியர்கள் இந்த வழக்கிலிருந்து அள்ளிக்கொண்டே இருப்பதில் வியப்பில்லை.

அடுத்தது, பெண் துப்பறிந்திருக்க முடியுமா என்பது. போலீஸில் முடியாது. லண்டன் போலீஸ் 1829இல் ஆரம்பமானது, துப்பறியும் பிரிவு 1842இல். இரண்டு இன்ஸ்பெக்டர், ஆறு சார்ஜென்ட், எட்டுப் பேரும் ஆண்கள். பெண் கைதிகளைச் சோதனை போடப் போலீஸ்காரர்களின் மனைவிமார்களைக் கூப்பிடுவதுண்டு. காவல் நிலையங்களில் பெண் காவலாளிகள் என்று தனியே வைத்ததே 1880களில்தான். கைதுசெய்யும் முழு அதிகாரத்தோடு முதல் பெண் போலீஸ் ஈடித் ஸ்மித், கிரான்தம் ஊரில், 1915இல், அதுவும் முதல் உலகப் போர் நடந்ததால். ஆகவே 1880இல் ஸ்காட்லாந்து யார்டில் பெண் இன்ஸ்பெக்டர் என்று ஒரு நாவல் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம்.

ஆனால் போலீஸுக்கு வெளியே கதை வேறு. அமெரிக்காவில் கேட் வார்ன் 1856இல் சிகாகோவில் ஆலன் பிங்கர்டன் நடத்திய தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். 1861இல் பால்டிமோரில் லிங்கனைக் கொல்லச் சதி என்று தகவல் வந்தபோது, அவரை நோயாளித் தம்பி என்று சொல்லி ரயிலில் கூட்டிப்போனவர்களில் இவரும் ஒருவர். இவரும் விதவை என்றுதான் பிங்கர்டன் எழுதுகிறார், கவனியுங்கள்! இங்கே கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அந்த நிறுவனத்தின் பழைய ஆவணங்களில் நிறைய 1871 சிகாகோ தீயில் போய்விட்டன. கேட் வார்ன் பற்றி இணையத்தில் சுற்றும் சாகசங்களில் பலவற்றுக்கு மூலம் பிங்கர்டன் பிற்பாடு எழுதிய புத்தகங்கள். அவர் விளம்பரம் தெரிந்த மனிதர். வேலையில் சேர்ந்ததும் ரயில் பயணமும் நம்பத்தக்கவை. பிங்கர்டனிடம் அவர் என்ன வசனம் பேசி வேலை வாங்கினார் என்பதையெல்லாம் பாதி நம்பினால் போதும்.

இங்கிலாந்தில் 1857 சட்டம் விவாகரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்ததும், தவறு நடந்ததென்று நிரூபிக்க ஆள் தேவைப்பட்டது. தனியார் துப்பறியும் நிறுவனங்கள் அதில் செழித்தன. ஒரு வீட்டுக்குள் வேலைக்காரியாகவோ தையல்காரியாகவோ நுழைய ஆணால் முடியாது. நூற்றாண்டின் கடைசியில் பெண் துப்பறிவாளர்கள் வேண்டும், இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே விளம்பரம் வர ஆரம்பித்தது. மாட் வெஸ்ட் என்ற பெண்மணி 1905இல் லண்டனில் சொந்த நிறுவனம் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். அவர் விதவை இல்லை, கணவரும் பிள்ளைகளும் உண்டு. 1882க்குப் பிறகு அதற்கு இடம் இருந்தது. அவர் பத்திரிகைகளுக்கு எழுதிய துப்பாக்கி, மாறுவேட சாகசங்களில் எவ்வளவு உண்மை என்று கேட்டால், நிறுவனம் உண்மை, சாகசம் பெரும்பாலும் வியாபாரம் என்பேன். வேடிக்கை என்னவென்றால் கதைகள் அவருக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன: 1864இலேயே பெண் துப்பறிவாளரை நாயகியாக வைத்து இரண்டு புத்தகங்கள் லண்டனில் வெளியாகியிருக்கின்றன, போலீஸில் ஒரு பெண்கூட இல்லாத காலத்தில்.

வேலைக்குச் சேராமல், சும்மா ஒரு குடும்பப் பெண் எவ்வளவு தூரம் போக முடியும்? நிறைய தூரம். மரண விசாரணை பொது இடத்தில், பெரும்பாலும் ஊர்ச் சாராயக் கடையின் மாடியில் நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஜூரிகள் பிணத்தை நேரில் பார்த்தாக வேண்டும், அது 1926 வரை கட்டாயம். ஜூரியில் பெண் உட்கார 1919 சட்டம் வர வேண்டியிருந்தது. ஆனால் சாட்சி சொல்ல, கேட்க, குறிப்பெடுக்கத் தடையில்லை. அப்புறம் விஷப் பதிவேடு: 1851 சட்டப்படி ஆர்சனிக் விற்கும் கடைக்காரர் வாங்குகிறவர் பெயர், ஊர், எதற்கு என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், சர்க்கரை என்று யாரும் ஏமாறாதபடி புகைக்கரியோ நீலமோ கலந்து விற்க வேண்டும். அந்த மசோதாவில் வயதுவந்த ஆண்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று ஒரு ஷரத்துகூடச் சேர்க்கப் பார்த்தார்கள். ஜான் ஸ்டுவர்ட் மில் உள்துறை அமைச்சருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார், ஷரத்து போய்விட்டது. பதிவேட்டைப் பார்க்க மருந்துக் கடைக்காரரிடம் நைச்சியமாகப் பேசும் நாயகியை நீங்கள் படித்திருப்பீர்கள். அது நடக்கக்கூடியதுதான்.

நேரம் என்கிற நெருக்கடியும் அந்தக் காலத்தில் தானாகவே இருந்தது, எழுத்தாளர் செயற்கையாக உண்டாக்க வேண்டியதில்லை. 1898 வரை கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பில் சத்தியம் செய்து சாட்சி சொல்லவே முடியாது. 1907 வரை குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிடையாது. தூக்குத் தீர்ப்பு வந்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்ததும் தூக்கு என்பது வழக்கம். லிவர்பூலின் ஃபுளோரன்ஸ் மேப்ரிக் 1889இல் கணவனை ஆர்சனிக் கொடுத்துக் கொன்றார் என்று தண்டிக்கப்பட்டார். ஆர்சனிக் கலந்த ஈ மருந்துத் தாளை ஊறவைத்தது முகப்பூச்சுக்கு என்றார் அவர். கணவரோ ஆர்சனிக்கை டானிக் மாதிரி தானே சாப்பிடுகிற பழக்கம் உள்ளவர். நீதிபதி ஜூரியிடம் பேசியபோது அந்தப் பெண்ணின் கள்ள உறவை அழுத்தி அழுத்திச் சொன்னார். தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1904இல் விடுதலையானார். அவர் நிரபராதியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். இப்படி ஒரு பெண் சிறையில் இருக்க, வெளியே இன்னொரு பெண் மூன்று வாரத்துக்குள் உண்மையைக் கண்டுபிடிக்க அலைகிறாள் என்றால், அந்தப் பதற்றம் சரித்திரமே கொடுத்தது.

இத்தனையும் சொல்வது ஒரு காரணத்துக்காக. இந்த நாவல்களின் சுவை நாயகியின் தைரியத்தில் மட்டும் இல்லை, அவளைச் சுற்றியிருக்கும் வேலியில் இருக்கிறது. வேலி எங்கே உயரம், எங்கே ஓட்டை என்று எழுத்தாளருக்குத் துல்லியமாகத் தெரிந்தால் அவள் எடுக்கும் ஒவ்வொரு அடியும் நமக்குப் பதைக்கும். வேலியையே பிடுங்கிப் போட்டுவிட்டு, 1870இல் இன்றைய பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தி, எல்லாரையும் எதிர்த்துப் பேசவைத்து, யாரும் அவளை ஒன்றும் செய்யாமல் விட்டால் எனக்குப் பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே நாயகி இறுக்கமான உள்கச்சையைத் திட்டி, அதைக் கழற்றி எறிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்தக் காலத்தில் சலவைக்காரியும் மில் தொழிலாளியும்கூட அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்த்தார்கள். அவளைக் கட்டிப்போட்டது துணி இல்லை, கையெழுத்துப் போட முடியாததுதான். அதைப் பற்றிக் கோபப்படும் நாயகியை நம்பிப் படிக்கலாம்.

வேலியே சாவியாகவும் ஆகலாம். அதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நாசிக்கில் பிறந்த கொர்னீலியா சொராப்ஜி 1892இல் ஆக்ஸ்ஃபர்டில் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண். ஆனால் பட்டமும் இல்லை, நீதிமன்றத்தில் வாதாட உரிமையும் இல்லை. இந்தியாவில் பெண்கள் வக்கீல் தொழில் செய்ய 1923 சட்டம் வர வேண்டியிருந்தது. இடையில் 1904இல் வங்காள அரசு அவரை வேலைக்கு எடுத்தது. காரணம் எளிது: திரைக்குள் வாழ்ந்த ஜமீன் விதவைகளையும் ராணிகளையும் எந்த ஆண் வக்கீலும் நேரில் பார்த்துப் பேச முடியாது, அவர்கள் சொத்தை உறவினரும் காரியஸ்தரும் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சொராப்ஜி உள்ளே போக முடிந்தது. இந்த வாழ்க்கையிலிருந்து தூண்டுதல் பெற்றுத்தான் சுஜாதா மாஸி 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' எழுதினார், 2018இல் வந்தது. 1921 பம்பாய்; பார்ஸி இளம் வக்கீல் பெர்வீன் மிஸ்திரி; திரைக்குள் மூன்று முஸ்லிம் விதவைகள்; அவர்கள் போட்டதாகச் சொல்லப்படும் கையெழுத்துகள். நீதிமன்றத்தில் அவள் வாய் திறக்க முடியாது, ஆனால் போலீஸ் நுழைய முடியாத அறையில் அவள் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். அவளுடைய சொந்தக் கல்யாண வாழ்க்கையின் கதையும் பார்ஸி கல்யாணச் சட்டத்தின் ஒரு கொடுமையில் போய் முட்டி நிற்கிறது; தொடரின் பின்வரும் நாவல்களில் அவளுக்கு ஒரு ஆங்கிலேய அதிகாரி மேல் வரும் ஈர்ப்பு அதனால்தான் அவ்வளவு தயங்கித் தயங்கி நகர்கிறது. நீங்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான் என்பேன். ஊரும் சாப்பாடும் குடும்பமும் நமக்குத் தெரிந்தவை, ஆங்கிலமும் எளிது.

காதலுக்காகவே படிப்பதென்றால் எலிசபெத் பீட்டர்ஸின் 'கிராக்கடைல் ஆன் தி சாண்ட்பேங்க்'. 1975இல் வந்தது. அமெலியா பீபாடி, 32 வயது, கல்யாணமாகாதவள், அப்பாவின் சொத்து முழுக்க அவளுக்கு. கையில் குடையோடு எகிப்துக்குக் கிளம்புகிறாள். அங்கே எமர்சன் என்ற கோபக்காரத் தொல்லியலாளர். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் சண்டை போடுவார்கள், சண்டையெல்லாம் காதல். எழுதியவரின் நிஜப் பெயர் பார்பரா மெர்ட்ஸ்; சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், ஆகவே கல்லறையும் மண்ணும் சரியாக இருக்கும். சட்டம் படித்தவனாக எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்: கதை நடப்பது 1884இல், அதாவது புதிய சொத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்த அடுத்த வருடம். அமெலியா யாரைக் கட்டிக்கொண்டாலும் சொத்து அவளிடமே இருக்கும். அவள் அவ்வளவு திமிராகப் பேசுவதற்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. ஆசிரியர் அதை யோசித்துத்தான் வருடத்தைத் தேர்ந்தெடுத்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் பொருத்தம் அபாரம். கல்யாணத்துக்குப் பிறகு இந்த மாதிரித் தொடர்கள் சப்பென்று ஆகிவிடும் என்று ஒரு பயம் இருக்குமே, இந்தத் தொடர் இருபது நாவல் ஓடி அதைப் பொய்யாக்கியிருக்கிறது. ஒரு குறை உண்டு: முதல் சில நாவல்களில் எகிப்தியர்கள் பெரும்பாலும் பின்னணி ஆட்களாகவே நிற்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் டாரதி சேயர்ஸின் ஹாரியட் வேன் நாவல்கள். கறாராகப் பார்த்தால் இவை சரித்திர நாவல் ஆகா, எழுதப்பட்ட காலத்திலேயே நடப்பவை. நமக்குத்தான் இப்போது சரித்திரம். 1930இல் வந்த 'ஸ்ட்ராங் பாய்சன்' தொடங்கும்போது ஹாரியட் முன்னாள் காதலனை ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாகக் கூண்டில் நிற்கிறாள். அவளைக் காப்பாற்ற வரும் பீட்டர் பிரபு சிறைக்கே வந்து கல்யாணம் செய்துகொள்ளலாமா என்கிறார். அவள் மறுக்கிறாள். உயிரைக் காப்பாற்றியவனிடம் நன்றி இருக்கலாம், ஆனால் நன்றியின் மேல் கல்யாணம் கட்ட முடியுமா என்று அவள் வருடக்கணக்காக யோசிப்பது 1935இல் வந்த 'காடி நைட்' வரை நீள்கிறது. அந்த நாவலில் கொலையே இல்லை. ஒரு பெண்கள் கல்லூரி, மொட்டைக் கடிதங்கள், அறிவு வேலைக்கும் காதலுக்கும் நடுவில் ஒரு பெண் எங்கே நிற்பது என்ற கேள்வி, அவ்வளவுதான். ஐந்நூறு பக்கத்துக்குப் பக்கம், லத்தீன் மேற்கோள்கள் வேறு. ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் படிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். காதலும் மர்மமும் ஒரே கயிறாக முறுக்கப்பட்டதற்கு இதைவிட நல்ல நாவல் எனக்குத் தெரியாது.

கெர்ரி கிரீன்வுடின் ஃபிரைனி ஃபிஷர் நாவல்களை நீங்களே குறிப்பிட்டிருந்தீர்கள், தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு. ஒரு எச்சரிக்கை மட்டும். 1928 மெல்பர்னில் நடக்கும் அந்த நாவல்கள் ஜாலியானவை, எழுதியவரே வக்கீல் என்பதால் நீதிமன்றம், ஏழைகளின் வழக்கு எல்லாம் நம்பும்படி இருக்கும். ஆனால் தொடரில் உங்களைக் கட்டிப்போட்ட, இன்ஸ்பெக்டர் ஜாக்கோடு மெல்ல மெல்ல வளரும் காதல் புத்தகத்தில் கிடையாது. புத்தகத்து ஜாக் மனைவியோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறவர். ஃபிரைனிக்குக் காதலர்கள் உண்டு, அவர்களில் லின் சுங் முக்கியமானவர். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.